பெயர் கொல்கத்தா, உள்ளே மெட்ராஸ்

2023 மார்ச் கடைசியில் லெபனான் நாட்டில் மணி என்ன என்று கேட்டால் இரண்டு பதில் கிடைத்தது. அங்கே வழக்கப்படி அந்த ஆண்டு மார்ச் 26 அன்று கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்க வேண்டும். ரமலான் நோன்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரதமர் நஜீப் மிகாத்தி 23ஆம் தேதி திடீரென்று அறிவித்தார். மரோனைட் திருச்சபையும் சில டிவி சேனல்களும் கேட்கவில்லை. சர்க்கார் ஆபீஸில் ஒரு மணி, சர்ச்சில் இன்னொரு மணி. திங்கட்கிழமை அரசு இறங்கிவந்து, புதன் நள்ளிரவு முதல் கோடை நேரம் என்றது.

பெய்ரூட் சண்டை நமக்கெதற்கு என்கிறீர்களா? கோவை துடியலூரில் பம்பு கம்பெனி சர்வர்களைக் கட்டி மேய்க்கும் எனக்கு அந்த வாரம் இரண்டு அப்டேட் வந்தது. மார்ச் 23இல் வந்தது '2023பி', லெபனானின் புது அறிவிப்போடு. மார்ச் 28இல் வந்தது '2023சி', அந்த அறிவிப்பை அழித்துவிட்டு. அங்கே அமைச்சரவை மனசு மாறினால் இங்கே மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஃபைல் மாறுகிறது. ஏஐ, மடக்கும் போன் என்று தொழில்நுட்பச் செய்திகள் தினமும் போடும் கூச்சலில் எனக்கு வியப்பு தருவது இந்த மாதிரிச் சமாசாரம்தான்.

லினக்ஸ் கணினிக்கு மணி பார்க்கத் தெரியாது, எண்ணத்தான் தெரியும். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு 2023 நவம்பரிலேயே 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த எண்ணை 'காலை 9:10, செவ்வாய்' என்று நமக்குப் புரியும்படி மாற்ற வேண்டுமானால், எந்த ஊரில் எந்த ஆண்டு கடிகாரம் எப்படி ஓடியது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லும் கணக்குப்புத்தகம்தான் டைம்ஸோன் டேட்டாபேஸ்; எனக்கு வந்த '2023பி', '2023சி' இரண்டும் அதன் பதிப்புகள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிவைத்தார். பின்னால் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் எகெர்ட் ஏற்று நடத்தினார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தகவல் அனுப்புகிறார்கள். காப்புரிமை கிடையாது, காசும் கிடையாது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் இதே புத்தகம்தான் இருக்கிறது.

நம் நாட்டுக்கு அதில் ஒரே பதிவு: 'ஏசியா/கொல்கத்தா'. லினக்ஸ் டெர்மினலில் 1900ஆம் ஆண்டின் ஒரு தேதியை இந்தியக் கணக்கில் கேட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசம் வராது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே நிற்கும். அது மெட்ராஸ் நேரம். அந்தக் காலத்தில் ரயில்கள் அதில்தான் ஓடின; 1906 ஜனவரி 1 அன்று ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. பெயர் கொல்கத்தா, உள்ளே ஓடுவது மெட்ராஸ்! கொல்கத்தாக்காரர்களோ 1948 வரை சொந்த நேரத்தை விடவில்லை என்பது தனிக்கதை.

துடியலூர் வழியாகப் போகும் போத்தனூர்–மேட்டுப்பாளையம் ரயில் பாதை 1873இல் திறந்தது. சென்னையைவிட நாம் மேற்கே இருப்பதால் சூரியன் நம் உச்சிக்கு வர சுமார் 13 நிமிடம் அதிகம் பிடிக்கும். ஆக, நிழலைப் பார்த்து 'இன்னும் நேரம் கிடக்குதுங்க' என்று நடந்தவருக்கு மெட்ராஸ் கடிகாரப்படி வண்டி போயிருக்கும்.

இந்த நேரக் கணக்குப்புத்தகத்தின் மேல் வழக்கும் உண்டு. 2011இல் கோர்ட்டுக்குப் போனது ஒரு ஜோதிட சாஃப்ட்வேர் கம்பெனி, பெயர் ஆஸ்ட்ரோலேப். பழைய கால நேர விவரங்கள் எங்கள் சொத்து என்று ஓல்சன், எகெர்ட் இருவர்மீதும் வழக்குப் போட்டது. என்றைக்கு எந்த ஊரில் மணி என்ன என்பது யார் சொத்துமல்லவே. அடுத்த ஆண்டே வழக்கை வாபஸ் வாங்கியது. அதற்குள் புத்தகத்தின் பராமரிப்பு இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் நிழலுக்கு வந்துவிட்டது.

ஜோதிடர்களுக்கு இதில் அக்கறை இருப்பது நியாயம்தான். உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. லக்னமோ ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது. 1943இல் பிறந்த தாத்தாவின் ஜாதகத்தைக் கடிகார மணிப்படி அப்படியே கணித்திருந்தால், அவர் எழுபது வருடம் வேறொருவர் லக்னத்தில் வாழ்ந்திருக்கக்கூடும். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஃபைல் அந்த ஒரு மணி நேரத்தை மறக்காமல் கழித்துக் கொடுக்கிறது.

அரசியலும் அதில் இருக்கிறது. மின்தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி குறைத்தது. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடபகுதி புது நேரத்தை ஏற்கவே இல்லை. வன்னிக்கும் கொழும்புக்கும் நடுவே பத்து வருடம் அரை மணி இடைவெளி. டேட்டாபேஸிலோ இலங்கைக்குக் 'கொழும்பு' என்று ஒரே வரிதான்.

புத்தகம் சரியாக இருந்தாலும் எண்ணிக்கை முட்டிக்கொள்ளும் நாள் ஒன்று வருகிறது. நொடிகளைப் பழைய 32 பிட் முறையில் எண்ணும் கருவிகளால் 214,74,83,647க்கு மேல் போக முடியாது. அந்த எண் வருவது நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய், காலை 8:44:07. அடுத்த நொடி கணக்கு தலைகீழாகி 1901 டிசம்பருக்குப் போய்விடும். 1901 என்றால் 1906க்கு முன்னால் அல்லவா? அதனால் அந்தக் கருவி டிசம்பர் 14, அதிகாலை 2:07:02 என்று காட்டும், மெட்ராஸ் நேரத்தில்!

64 பிட் கணினிகளுக்கு இந்தக் கவலை இல்லை. 32 பிட் கருவிகளுக்கும் 2020இல் வந்த லினக்ஸ் கர்னல் 5.6 வழி செய்துவிட்டது. ஆனால் ஒருமுறை மாட்டினால் இருபது வருடம் யாரும் தொடாத வருகைப்பதிவு மெஷின், கேமரா டிவிஆர், மெஷின் கன்ட்ரோலர் இவைதான் நம் பட்டறைகளில் அதிகம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் கடைக்காரர் எதிரிலேயே 2038 ஜனவரி 20 என்று தேதி வைத்துப் பாருங்கள். ஏற்கவில்லை என்றால் வேறு மாடல் கேளுங்கள்.