பூசை கண்டோம், நன்மை வாங்கினோமா?

"சாமி, டி.வி.யில பூசை கண்டா அது பூசை கண்டதாகுமா? நன்மை வாங்கி மூணு மாசமாச்சு. பாவமில்லையா?"

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் நம் பங்குகளின் பாட்டிமார் பலர் தங்கள் பங்குத்தந்தையரிடம் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் அந்த ஆண்டில் உரோமை முதல் நம் ஊர் வரை ஆயர்களும் இறையியலாரும் விடை தேடிக் கொண்டிருந்த கேள்வியும் இதுவே.

கொரோனா கொள்ளைநோய் தணிந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டு மே 5 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. ஆயினும் பாட்டியின் கேள்வி முடியவில்லை. இன்றும் சிலர் ஞாயிறுதோறும் திரையின் முன்னேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஆலயத்திற்கு வர இயலாதவர்களும் உண்டு. வரும் பழக்கம் விட்டுப்போனவர்களும் உண்டு. இவ்விரு சாராருக்கும் திருச்சபை சொல்ல வேண்டியது ஒன்றல்ல. எனவே அந்நாள்களில் என்ன நடந்தது, எதை அனுமதித்தார்கள், எதை அனுமதிக்கவில்லை, ஏன் என்பதை அமைதியாகச் சிந்தித்துப் பார்ப்பது நல்லது.

வெறுமையாய்க் கிடந்த வளாகம்

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இத்தாலியில் மக்கள் பங்கேற்கும் திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. மார்ச் 9 முதல் மே 18 வரை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் நாள்தோறும் காலையில் நிறைவேற்றிய திருப்பலி நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. மார்ச் 27 மாலையில், மழையில் நனைந்த புனித பேதுரு வளாகத்தில் அவர் தனியே நடந்து வந்து, புயலை அடக்கிய இயேசுவைப் பற்றிய நற்செய்தியை (மாற் 4:35-41) விளக்கி, நற்கருணையை உயர்த்தி உலகை ஆசீர்வதித்த காட்சியை நம்மில் பலர் கண்ணீரோடு கண்டோம். வளாகத்தில் எவருமில்லை. ஆனால் பல நாடுகளின் வீடுகளில் மக்கள் முழந்தாளிட்டிருந்தனர்.

நம் நாட்டில் மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 10 புனித வெள்ளி, 12 உயிர்ப்பு ஞாயிறு என எல்லாம் மூடிய கதவுகளுக்குள் நிகழ்ந்தன. பல பங்குகளில் பீடத்திற்கு எதிரே ஒரு கைபேசியை நிறுத்தி, யூடியூப் வழியாகத் திருப்பலியை அனுப்பினார்கள். மாதா தொலைக்காட்சியின் திருப்பலிக்காகக் குடும்பங்கள் தொலைக்காட்சிப் பெட்டியருகே மெழுகுதிரி ஏற்றி வைத்துக் காத்திருந்தன. அன்பியக் கூட்டங்கள் வாட்ஸ்அப் குழுக்களாயின. மறைக்கல்வி கைபேசிக்கு வந்தது.

மற்றத் திருச்சபைகளும் இதே வழியைத் தேடின. இங்கிலாந்துத் திருச்சபையில் ஆலயங்கள் முற்றிலும் மூடப்பட்டிருந்ததால், அன்றைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அவர்கள் உயிர்ப்பு ஞாயிறு வழிபாட்டைத் தம் இல்லத்துச் சமையலறையிலிருந்து நடத்தினார். சீர்திருத்தத் திருச்சபைகள் சிலவற்றில், மக்கள் தத்தம் வீட்டிலேயே அப்பமும் இரசமும் வைத்துக்கொள்ள, போதகர் திரை வழியாக இறைவேண்டல் சொல்லும் முறையும் பின்பற்றப்பட்டது. கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்கவில்லை. பிடிவாதத்தினால் அல்ல, அருள்சாதனம் என்றால் என்ன என்பது பற்றிய நமது நம்பிக்கையினால்.

புதிய கருவி, பழைய அக்கறை

கருவிகளைக் கண்டு திருச்சபை அஞ்சியதில்லை. 1931-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தார். அதை அமைத்துக் கொடுத்தவர் வானொலியின் தந்தை எனப்படும் மார்க்கோனி. 1948-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்திலிருந்து திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றித் தனி ஏடு ஒன்றையே வெளியிட்டது. பிலிப்பீன்சிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்மிடையே உண்டு. அந்நிலையமும் 2018-இல் சிற்றலையை விட்டு இணையத்திற்கு மாறியது.

இவற்றுள் மிக அழகானது புனித கிளாராவின் வரலாறு. நோயுற்றுப் படுத்திருந்த அவரால் கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலயத்திற்குச் செல்ல முடியவில்லை. அப்போது ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. இதை நினைவுகூர்ந்தே 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். கவனியுங்கள்: தொலைக்காட்சியின் பாதுகாவலி ஒரு நோயாளி. வர இயலாதவர்களுக்காகவே திரை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

காணுதலும் வாங்குதலும்

நம் முன்னோர் "பூசை காண்கிறோம்" என்றார்கள். "நன்மை வாங்குகிறோம்" என்றும் சொன்னார்கள். இந்த இரண்டு சொற்களுக்குள் ஓர் இறையியலே அடங்கியுள்ளது. காண்பதற்குத் திரை உதவும். வாங்குவதற்கு அது உதவாது. கொடுக்கும் கையும் ஏந்தும் கையும் அருகருகே இருந்தால்தான் வாங்க முடியும்.

இறைவார்த்தையைத் திரை சுமந்து வரும். மறையுரை, செபமாலை, ஆறுதல் மொழி, பிறருக்கான மன்றாட்டு ஆகிய அனைத்தும் திரை வழியாக வரும். ஆனால் திருமுழுக்குக்குத் தண்ணீர் வேண்டும்; நோயில்பூசுதலுக்கு எண்ணெய் வேண்டும்; நற்கருணைக்கு அப்பமும் இரசமும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் திருக்கூட்டமும் வேண்டும். வாக்கு மனுவுருவானார் என்பது நமது நம்பிக்கை. கடவுள் தொலைவிலிருந்து செய்தி மட்டும் அனுப்பவில்லை, உடலெடுத்து வந்தார். அதனால்தான் அருள்சாதனங்கள் தொடுதலோடு நிகழ்கின்றன. கொள்ளைநோய்க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 2002-ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று, சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை, இணையத்தில் அருள்சாதனங்கள் இல்லை என்று தெளிவாகக் கூறியிருந்தது.

அப்படியானால் பாட்டி செய்தது பாவமா? இல்லவே இல்லை. இயலாதவரை எந்தக் கடனும் கட்டுப்படுத்தாது. அந்நாள்களில் ஆயர்கள் ஞாயிறு திருப்பலிக் கடனிலிருந்து விலக்கும் அளித்திருந்தார்கள். திருப்பலியில் பங்கேற்க முடியாதபோது தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் இறைவேண்டலில் செலவிடுமாறு திருச்சபைச் சட்டம் (1248) பரிந்துரைக்கிறது. ஆகவே தொலைக்காட்சித் திருப்பலி ஆலயத் திருப்பலிக்குச் சமமல்ல. ஆனால் வர இயலாதவருக்கு அது வீணுமல்ல. 'ஆண்டவரே, இப்போது உம்மை உட்கொள்ள இயலவில்லை; ஆன்மீக முறையில் என்னுள் வாரும்' எனும் பொருளில் புனித அல்போன்ஸ் லிகோரி கற்பித்த ஆன்மீக நற்கருணை வேண்டுதல், அந்நாள்களில் நமக்கு மீண்டும் கிடைத்த பழைய செல்வம். ஆனால் அது பசியைச் சொல்லும் வேண்டுதல். பசியே இல்லாதவர் அதைச் சொல்வதில் பொருளில்லை.

மருத்துவமனை வாசலில்

பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியும் பலர் கேட்டார்கள். தொலைபேசியில் செய்யலாமா? கூடாது என்பதே விடை. இந்த அருள்சாதனத்திற்குக் குருவும் ஒப்புரவு தேடுபவரும் நேரில் இருக்க வேண்டும்.

ஆனால் திருச்சபை கதவை அடைத்துவிடவில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று உரோமையின் பாவமன்னிப்பு நீதிமன்றம் ஒரு குறிப்பை வெளியிட்டது. கடும் தேவை எழும் இடங்களில் பலருக்கும் பொதுவாக மன்னிப்பு வழங்கலாம் என்றது. எப்படி? சாவின் ஆபத்திலுள்ள நோயாளிகள் இருக்கும் மருத்துவமனைப் பிரிவின் வாசலில் குரு நின்று, இயன்றால் ஒலிபெருக்கி வழியாக, அவர்கள் காதில் விழுமாறு மன்னிப்பு வழங்கலாம். கருவியை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் குரு வாசல்வரை போக வேண்டும். அதுவும் கிட்டாதவர்கள், உள்ளத்தின் ஆழத்திலிருந்து மனம் வருந்தி, வாய்ப்புக் கிடைத்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வோம் என்று உறுதிகொண்டால், இறைவன் சாவான பாவத்தையும் மன்னிக்கிறார் என அக்குறிப்பு நினைவூட்டியது. நம் பழைய ஞான உபதேசம் இதையே 'உத்தம மனஸ்தாபம்' என்றது.

இத்தாலியின் பெர்கமோ மறைமாவட்டத்தில் அந்த வசந்த காலத்தில் 20-க்கும் மேற்பட்ட குருக்கள் இந்நோயால் இறந்தார்கள். மருத்துவமனைக்குள் குரு செல்ல முடியாத நிலையில், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் தம் உறவினரை ஆசீர்வதிக்கலாம் என்று அம்மறைமாவட்ட ஆயர் பிரான்செஸ்கோ பெஸ்கி மக்களை ஊக்குவித்தார். நம் ஊர்களிலும் தந்தையின் கடைசி நேரத்தில் அருகில் இருக்க முடியாமல், கைபேசியில் செபம் சொல்லி வழியனுப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவஸ்தைப்பூசுதல் கிடைக்காமல் போனதே என்று இன்றும் மனம் வெதும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வோம்: கடவுள் அருள்சாதனங்கள் வழியாக நம்மை மீட்கிறார்; ஆனால் அவர் அருள்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். குரு வர முடியாத அறைக்கும் இயேசுவால் வர முடியும். மூடிய கதவுகளுக்குள் வந்து நின்றவர் அவர் (யோவா 20:19).

திருத்தந்தையின் எச்சரிக்கை

உலகமே தம் திருப்பலியைத் திரையில் கண்டுகொண்டிருந்த நாள்களிலேயே, ஏப்ரல் 17 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். இறைவனோடு நாம் கொள்ளும் நெருக்கம் சமூகத்தோடு சேர்ந்தது, அருள்சாதனங்களோடு சேர்ந்தது. மக்களும் அப்பமும் இல்லாத நெருக்கம் ஆபத்தானது என்பது அவர் கருத்து. இப்போது நாம் ஒரு சுரங்கப்பாதையில் இருக்கிறோம்; அதைக் கடந்து வெளியே வரவே அன்றி அங்கேயே தங்குவதற்கு அல்ல என்றும் கூறினார். அதே ஆண்டு திருவழிபாட்டுப் பேராயத்தின் அன்றைய தலைவர் கர்தினால் இராபர்ட் சாரா அவர்களும், மகிழ்ச்சியோடு நற்கருணைக்குத் திரும்புவோம் என்று ஆயர்களுக்கு மடல் எழுதினார். 2023-ஆம் ஆண்டு மே 28 அன்று சமூகத் தொடர்புக்கான திருப்பீடத் துறை வெளியிட்ட ஏடும், திரை வழியாக உணவைப் பகிர இயலாது என்கிறது.

திருத்தூதர் காலத்திலேயே இந்தத் தெளிவு இருந்தது. எழுதுவதற்குப் பல இருந்தும், தாளையும் மையையும் விட்டு நேரில் வந்து பேச விரும்புவதாக யோவான் எழுதுகிறார் (2 யோவா 12). மடல் அன்றைய தொடர்புக் கருவி. அதை அவர் பயன்படுத்தினார். ஆனால் அதோடு நிறைவடையவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியவை

1. வர இயன்றவர்கள் வருவோம். காலை உணவை அருந்திக்கொண்டே, நடுநடுவே கைபேசிச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே காணும் திருப்பலி வசதியாக இருக்கலாம். ஆனால் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குச் சமாதானம் சொல்லாத, காணிக்கை கொண்டு செல்லாத, நன்மை வாங்காத ஞாயிறு முழுமையான ஞாயிறு அல்ல.

2. வர இயலாதவர்களுக்காக ஒளிபரப்பைத் தொடர்வோம். முதியோரும் படுக்கையில் இருப்போரும் கொள்ளைநோய்க்கு முன்பும் வீட்டில்தான் இருந்தார்கள். நாமும் அடைபட்டபோதுதான் அவர்களது நிலை நமக்குப் புரிந்தது. பீடம் தெளிவாகத் தெரிகிறதா, வாசகம் காதில் விழுகிறதா என்று இளைஞர்கள் கவனிக்கட்டும்.

3. ஒளிபரப்போடு கடமை முடிந்ததென எண்ண வேண்டாம். யார் யார் வீட்டிலிருந்து திருப்பலி காண்கிறார்கள் என்று ஒவ்வோர் அன்பியமும் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கட்டும். மாதம் ஒருமுறையேனும் குருவோ, நற்கருணைப் பணியாளரோ அவ்வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லட்டும். 2021-இல் திருத்தந்தை ஏற்படுத்திய தாத்தா பாட்டிகள், முதியோர் உலக நாள் ஜூலையின் நான்காம் ஞாயிறு வருகிறது. அன்றாவது நாம் நேரில் போவோம்.

4. நோயாளிகளின் பெயரையும் நோயின் விவரத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாமல் இருப்போம். மன்றாட்டுக்குப் பெயர் போதும். சில நேரங்களில் பெயரும் தேவையில்லை.

5. ஊரடங்கில் தொடங்கிய குடும்பச் செபத்தை விட்டுவிடாதிருப்போம். குடும்பம் இல்லத் திருச்சபை என்பதை அந்நாள்களில்தான் நம்மில் பலர் உணர்ந்தோம்.

முடக்குவாதமுற்றவனை இயேசுவிடம் கொண்டுவர வழியில்லாதபோது, அவனுடைய நண்பர்கள் கூரையைப் பிரித்தார்கள் (மாற் 2:1-12). கொள்ளைநோய்க் காலத்தில் நாமும் கூரையைப் பிரித்தோம். கைபேசியும் இணையமும் அப்படித் திறந்த வழிகளே. ஆனால் கூரையில் வழி திறந்தால் மட்டும் போதுமா? கட்டிலைச் சுமக்க நால்வர் வேண்டுமே!

பாட்டி, நீங்கள் கண்ட பூசையை இறைவன் ஏற்றுக்கொண்டார். நன்மை வாங்க ஏங்கிய உங்கள் பசியையும் அவர் அறிவார். இனி அந்த நன்மையை உங்கள் வாசலுக்குக் கொண்டுவர வேண்டியது எங்கள் கடமை.