எழுத்தில் கொடுங்கள்!

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. கண்ணுக்குத் தெரியாத திருடன் புகுந்து கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டான். நோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை எல்லாம் பல நாட்கள் கையெழுத்தில் நடந்தன. வரிசையில் வாடி நின்றவர் யார்? கோடீசுவரரா? இல்லை, ஏழை எளியவர்! கம்ப்யூட்டர் இணைப்புகளைச் சரிவரத் தடுத்துப் பிரித்து வைக்காததே காரணம் என்று பின்னர் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

ஆகவே, தகவல் பாதுகாப்பு என்பது பணக்காரன் பெட்டகத்துக்கு மட்டும் காவல் அல்ல. நமது ரேஷன் கார்டுக்கும் பிராவிடண்ட் பண்டுக்கும் அதுவே காவல். அந்தத் தொழிலைக் கற்க இன்று தறி ஓட்டியவன் மகனும் மூட்டை சுமந்தவன் மகளும் இன்டர்ன்ஷிப் போகிறார்கள். நாம் மகிழ்கிறோம். ஆனால் கேட்க வேண்டியதையும் கேட்கிறோம்.

என்ன வேலை? யார் எந்நேரம் உள்ளே நுழைந்தார் என்ற பதிவுகளைக் கண் விழித்துப் படிப்பது. ஓட்டை எங்கே என்று தேடுவது. பூட்டு உறுதியா என்று அறிய, உடைத்தும் பார்க்க வேண்டும். இங்கேதான் ஆபத்து! உரியவர் அனுமதியின்றிக் கம்ப்யூட்டரில் நுழைந்தால் நட்ட ஈடு கேட்கிறது, 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். நேர்மையற்ற நோக்கம் என்று நிரூபித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "போய்ப் பார்த்து வா தம்பி" என்று வாயால் சொல்லி அனுப்பிய மேலதிகாரி, நாளை வம்பு வந்தால் "நான் சொல்லவில்லை" என்று கை விரித்தால், அந்தப் பிள்ளை எதைக் காட்டுவான்?

கூலி? பல இடங்களில் ஒரு காசும் இல்லை. 1961-ம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டம், பயில வருபவன் தொழிலாளி அல்ல என்றே கூறுகிறது. அந்தச் சட்டங்கூட எழுத்து ஒப்பந்தமும் மாத உதவித்தொகையும் வேண்டும் என்கிறது! அதற்கும் வெளியே நிற்கும் மாணவனுக்கு என்ன உண்டு? ஒரு சான்றிதழ். சில இடங்களில் அதற்கும் அவனிடமே பணம்!

நாம் கேட்பது சலுகையல்ல. எந்தக் கம்ப்யூட்டரை, எந்த நாள் வரை, யார் உத்தரவில் சோதிக்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். உழைப்புக்கு என்ன ஊதியம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். தொழில் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் அமர்த்துங்கள்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை இன்டர்ன்ஷிப் கிளம்பும்போது, "கடிதம் வாங்கினாயா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "வாங்கும் வரை எதையும் தொடாதே" என்று சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வேலையில் இறங்காதே என்பது ஆலை வாசலில் நாம் பட்டுக் கற்ற பாடம். கம்ப்யூட்டர் அறைக்கும் அதே பாடந்தான்!