வெள்ளித் தோடும் வெள்ளைத் தாளும்

என் தமக்கை வெள்ளிக் கம்பியை முறுக்கித் தோடும் ஜிமிக்கியும் செய்து விற்பவர். ஒரு ஜோடி முடிய மூன்று நாள் ஆகும். அவற்றைப் படமெடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சென்ற ஆண்டு ஒரு ஜோடி ஜிமிக்கி திரும்பி வந்துவிட்டது. "படத்தில் பொன்முலாம் பூசியதாகத் தெரிந்தது, வந்ததோ வெறும் வெள்ளி" என்று வாங்கியவர் எழுதியிருந்தார். குற்றம் அவருடையதன்று. பௌதிகம் படிக்கும் நானே அதை மஞ்சள் விளக்கின் கீழ் வைத்துப் படமெடுத்திருந்தேன்! கைவேலை செய்து விற்கும் மாணவ நண்பர்களுக்கும் பயன்படுமென்று, அதன்பின் கற்றதை இங்கே சொல்கிறேன்.

வெள்ளி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே அது ஒரு கண்ணாடி. நாம் படமெடுப்பது நகையை மட்டுமன்று. அதில் தெரியும் விளக்கையும் சுவரையும் நம் சட்டையையும் சேர்த்தே எடுக்கிறோம். பொன் மஞ்சளாகத் தெரிவது ஏன்? அது நீல ஒளியைப் பெரிதும் விழுங்கிவிடுவதால். மஞ்சள் விளக்கிலோ நீல ஒளி முதலிலேயே குறைவு. அதனால்தான் வெள்ளி பொன்னாகி என்னை ஏமாற்றியது. எனவே திருத்த வேண்டியது நகையை அன்று, அதன் சுற்றுப்புறத்தை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. கைபேசி, மேசை, சில வெள்ளைத் தாள்கள், ஒரு துண்டுக் கறுப்பு அட்டை ஆகியவை போதும். வெயில் நேரே விழாத சன்னலருகே மேசையை இடுங்கள். வெயில் விழுந்தால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இருவகை ஒளி கலந்தால் ஒன்றின் நிறத்தைச் சரிசெய்யும் காமிரா மற்றொன்றின் நிறத்தைக் கெடுத்துவிடும். ஒரு தாளை மேசைமேல் விரித்து, அதன் பின்முனையை வளைத்துச் சுவரில் ஒட்டுங்கள். சன்னலுக்கு எதிர்ப்புறம் மற்றொரு தாளை நிறுத்தினால் நிழல் மென்மையாகும்.

எங்கும் வெண்மையானால் வெள்ளியின் விளிம்பு தாளோடு கரைந்துவிடும். அப்போது கறுப்பு அட்டையை, படத்துக்குள் விழாதபடி, நகையின் பக்கத்தில் நிறுத்துங்கள். உலோகத்தில் அது கரிய கோடாகத் தெரிந்து உருவத்தைத் துலக்கும். வெள்ளைத் தாள் படத்தில் சாம்பல் நிறமாக வந்தால் ஒளியளவைச் சற்றுக் கூட்டுங்கள்.

மிக அருகில் சென்று எடுக்காதீர்கள். முன்பகுதி பருத்தும் பின்பகுதி மங்கியும் தோன்றும். ஓரடி தள்ளியிருந்து, வேண்டாத ஓரங்களைப் பிறகு வெட்டிவிடலாம். கை நடுக்கம் பதியாதிருக்க, கைபேசியை இரண்டு டம்ளர்களுக்கு இடையில் நிறுத்தி, தொட்ட மூன்று வினாடிக்குப் பின் படம் விழுமாறு அமையுங்கள்.

ஒரு படத்திலாவது நகையருகே அளவுகோலை வையுங்கள். பற்றாசு வைத்த இடத்தின் சிறு மேட்டையும் மறைக்க வேண்டா. வாங்குபவர் நகையைத் தொட்டுப் பார்க்க இயலாது. படத்தை நம்பியே பணம் அனுப்புகிறார்.

திரும்பி வந்த அதே ஜிமிக்கியை இம்முறையில் மீண்டும் எடுத்தேன். வெள்ளி வெள்ளியாகவே தெரிந்தது. இம்முறை சென்றது திரும்பி வரவில்லை.