மேசைக்காரன் ஆடாத சூது

மொன்டே கார்லோ என்றதும் நினைவுக்கு வருவது கெசினோவும் 1929இல் ஆரம்பமான காரோட்டப் பந்தயமும்தான். 1861இல் மென்டன், ரோக்புரூன் ஊர்களைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்து, வரும்படி வற்றிப்போயிருந்தது மொனாக்கோ அரச குடும்பம். 1863இல் பிரான்சுவா பிளாங்க் என்ற வியாபாரி கெசினோவைப் பொறுப்பேற்றார். 1868இல் ரயில் வந்தது, கூட்டமும் வந்தது. மறுவருடமே குடிமக்களுக்கு நேரடி வரி ரத்து!

ஆனால் ஒன்று. மொனாக்கோ பிரஜைகள் அந்த மேசைகளில் ஆடத் தடை. சூது ஹராம் என்பது நமக்குத் தெரியும். அதை விற்றவர்களும் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவில்லை. இன்று அந்நாட்டு அரச வருமானத்தில் கெசினோவின் பங்கு சொற்பமே. கஜானாவுக்குப் பெரும்பணம் வருவது கொடுக்கல் வாங்கலில் அறவிடப்படும் பெறுமதி சேர் வரியிலிருந்து.