தாம்பரத்திலிருந்து ரைன் நதிக்கரைக்கு... கேம்பர்வேனில் ஒரு குடும்பப் பயணம்!

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து வீடுகளில் ‘லீவுக்கு எங்கே போகலாம்?’ என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று சுற்றி முடித்தவர்களில் சிலர் இப்போது, ‘ஐரோப்பாவுக்கே போய் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டினால் என்ன?’ என்று கேட்கிறார்கள். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன். தினமும் பெட்டி கட்டி ஹோட்டல் மாற வேண்டாம். பாட்டிக்கு ரசம் சாதம், பேரனுக்கு தோசை என்று நம் கையாலேயே செய்துகொள்ளலாம்.

இந்த ஆசை புதிதல்ல. ஜெர்மனியின் இஸ்னி என்ற ஊரில், சாட்டை தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ், வியாபாரத்துக்காக ஊர் ஊராக அலைந்தவர். ஓவியரான ஃப்ரிடல், தானும் அவருடன் பயணம் செய்ய வேண்டும் என்று விரும்பினார். அதற்காக 1931-ல் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ‘வீட்டு வண்டி’ ஒன்றை டெத்லெஃப்ஸ் உருவாக்கினார். ஜெர்மனியின் கேரவன் தொழிலே அதிலிருந்து வளர்ந்ததுதான். வேலையையும் குடும்பத்தையும் பிரிக்காமல் இருக்கப் பிறந்த வண்டி என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால், நம் வீட்டுத் திட்டம் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பாரிஸ், பெர்லின், மியூனிக், ‘அப்படியே சுவிட்சர்லாந்தையும் ஒரு எட்டு’ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். வேனை ஓட்டப்போவது பெரும்பாலும் ஒரே ஒருவர். அவருக்கு அது இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள, பழக்கமில்லாத, மூன்று டன் வண்டி. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் குழந்தைகளும் வயதானவர்களும். அவருடைய களைப்பில்தான் மொத்தக் குடும்பத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. அதனால் திட்டமிடல் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊர்ப் பட்டியலைப் பாதியாக்குங்கள்

முதல்முறை போகும் குடும்பத்துக்கு ரைன் நதிப் பள்ளத்தாக்கு நல்ல தேர்வு. ஒரு கரை ஜெர்மனி, மறு கரை பிரான்ஸ். பாலத்தைத் தாண்டினால் அடுத்த நாடு. சென்னையிலிருந்து நேரடி விமானம் உள்ள ஃபிராங்க்ஃபர்ட்டில் வேனை எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து கோட்டையும் பழைய பல்கலைக்கழகமும் உள்ள ஹைடல்பெர்க் சுமார் 90 கி.மீ. அடுத்து பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க். 142 மீட்டர் உயரமுள்ள அதன் தேவாலயம் 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. பிறகு, மரச்சட்ட வீடுகள் வரிசைகட்டி நிற்கும் கொல்மார்.

அங்கிருந்து நதியைக் கடந்து மீண்டும் ஜெர்மனிக்கு வந்தால், ரஸ்ட் என்ற ஊரில் குழந்தைகள் விடவே விடாத ‘யூரோப்பா பார்க்’ இருக்கிறது. அடுத்து, தெருவோரம் சின்ன ஓடைகள் ஓடும் ஃபிரைபர்க். அதையொட்டி, கறுப்புக் காடு எனப்படும் மலைப்பகுதியில் டிட்டிசே ஏரி. திரும்பும் வழியில் பாடன்-பாடனில் ஒரு இரவு. எல்லாம் சேர்த்து எண்ணூறு கி.மீ. அளவில்தான் வரும். தாம்பரத்திலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்புவதைவிடக் கொஞ்சம் குறைவு. அதைப் பன்னிரண்டு, பதின்மூன்று இரவுகளில் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் இரண்டு இரவுகள், ஒரு நாளில் 200 கி.மீ.-க்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இன்னொரு விஷயம். சுமார் பத்து மணி நேர விமானப் பயணம் முடித்து இறங்கியதும் நேராக வேன் சாவியை வாங்காதீர்கள். முதல் இரவு ஹோட்டலில் தூங்கி எழுந்து, மறுநாள் வேனை எடுங்கள்.

நம் பள்ளி விடுமுறையான மே மாதம் இந்தப் பயணத்துக்கு வாட்டமானது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் அங்கே கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே கடைசியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனால், இரவில் குளிரும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம்.

பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ்

முதல் வேலையாக எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து தேதியைப் பாருங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். வெளியிட்டுப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டு வெற்றுப் பக்கங்களாவது வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால், தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது.

பிரான்ஸ், ஜெர்மனி இரண்டுக்கும் ஒரே ‘ஷெங்கன்’ விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன வழியில் ஜெர்மனியில்தான் இரவுகள் அதிகம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். சென்னையில் உள்ள வி.எஃப்.எஸ் மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், ஜனவரியிலேயே ஆரம்பிப்பது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழ் இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் கட்டாயம். வயதானவர்களுக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களை பாலிசி ஏற்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

‘வேன்தானே, எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு விசா விண்ணப்பத்தில் எடுபடாது. எங்கெங்கே தங்கப் போகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். வேன் வாடகை உறுதிச்சீட்டு, கேம்பிங் இடங்களின் முன்பதிவு இரண்டையும் இணையுங்கள். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளாகவே செய்யுங்கள்.

அடுத்தது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி. தாம்பரம் ஆர்.டி.ஓ (டி.என்-11) போன்ற, உங்கள் முகவரிக்கு உரிய அலுவலகம்தான் இதைத் தரும். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லுபடியாகும். ‘இன்டர்நேஷனல் லைசென்ஸ் வீட்டுக்கே வரும்’ என்று விளம்பரம் செய்யும் தனியார் தளங்களில் பணம் கட்டி ஏமாற வேண்டாம். அங்கே ஓட்டும்போது நம் ஊர் லைசென்ஸும் இந்த அனுமதியும் இரண்டுமே கையில் இருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் கார் ஓட்டத் தெரிந்தால், அவருக்கும் சேர்த்து எடுத்து, வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராகப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

மொட்டை மாடியில் ஒரு ஒத்திகை

பரவலாகக் கிடைக்கும் கேம்பர்வேன் சுமார் 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். மொட்டை மாடியில் கோலமாவால் அந்த அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். முன்பக்கம் ஓட்டுநர் இருக்கைக்கும் இன்ஜினுக்கும் இரண்டு மீட்டரை ஒதுக்குங்கள். மிச்சத்தில் குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். வேன் போதுமா, பெரிய மோட்டார்ஹோம் வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது எத்தனை பேர் படுக்கலாம் என்பதை மட்டும் பார்க்காமல், சீட் பெல்ட்டோடு எத்தனை இருக்கைகள் என்று பாருங்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழ், 150 செ.மீ. உயரத்துக்குக் குறைவாக உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது. மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டியையே எடுங்கள். அங்கே சாதாரண கார் லைசென்ஸுக்கு அதுதான் வரம்பு. அந்த எடையில் ஆட்கள், பெட்டிகள், தண்ணீர் எல்லாமே அடக்கம். கியர் வலது கைக்கு வருவதால், ஆட்டோமேட்டிக் எடுத்தால் ஒரு குழப்பம் குறையும். வாடகை போக, ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில் டெபாசிட் தொகையைப் பிடித்து வைப்பார்கள். அவ்வளவு லிமிட் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

சாலையில் கவனம்

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஜி.எஸ்.டி சாலையில் இடம் கிடைத்த பக்கம் முந்திப் பழகியவர்கள் ஆட்டோபானில் மறக்கக் கூடாத விதி, இடப்பக்கம் மட்டுமே முந்தலாம் என்பது. அங்கே போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டால், இடது ஓர வரிசை வண்டிகள் இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும்.

ஜெர்மனி நெடுஞ்சாலைகளில் இந்த எடை வேனுக்குச் சுங்கம் இல்லை. பிரான்ஸில் பெரும்பாலான விரைவுச்சாலைகளில் உண்டு. ஆனால், ஸ்ட்ராஸ்பர்க்கையும் கொல்மாரையும் இணைக்கும் சாலையில் சுங்கம் கிடையாது. பிரான்ஸ் பங்க்கில் ‘கஸோல்’ என்றால் டீசல், ‘எஸான்ஸ்’ என்றால் பெட்ரோல். சூப்பர் மார்க்கெட் வாசலில் உயரத் தடுப்புக் கம்பிகள் இருக்கும். வேனின் உயரத்தை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

இரவும் சமையலும்

வேன்களுக்கென்றே உள்ள நிறுத்துமிடங்களை ஜெர்மனியில் ‘ஷ்டெல்பிளாட்ஸ்’ என்பார்கள். முதல்முறை போகும் குடும்பத்துக்கு, சுடுதண்ணீர்க் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், விளையாட்டு இடம் எல்லாம் உள்ள முழு கேம்பிங் தளங்களே சரி. வேனில் வரும் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் நூறு லிட்டர் அளவுதான். வாளி வாளியாகக் குளிக்க முடியாது. கழிவறைக்கு ஒரு மக் எடுத்துப்போக மறக்காதீர்கள். கழிவுப் பெட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் காலி செய்யும் வேலையைப் பெரியவர்கள் முறை வைத்துச் செய்யுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச் செல்ல அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் தைரியமாகக் கொண்டுபோகலாம். சில தளங்களில் கிடைப்பது 6 ஆம்பியர் மின்சாரம், அதாவது சுமார் 1,380 வாட்ஸ். 750 வாட்ஸ் மிக்ஸி ஓடும். 2,000 வாட்ஸ் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே காய்கறி, பால் வாங்கி வையுங்கள்.

பாரிஸ் பார்க்க வேண்டாமா?

பார்க்கலாம், வேனில் வேண்டாம். ஸ்ட்ராஸ்பர்க் கேம்பிங் தளத்திலேயே வேனை விட்டுவிட்டு, அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பாரிஸ். ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் மதியச் சாப்பாடு. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். கூடுதலாக இரண்டு நாள் இருந்தால், ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வடக்கே ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் போகலாம். 2002-ல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலுக்கு முன்மாதிரி, நம் காஞ்சி காமாட்சி கோயில்தான்.

ரயிலில் போகும் அந்த ஒரு நாள், ஜன்னலோரம் உட்கார்ந்து வயல்களை வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, யார் வேன் ஓட்டுகிறார்களோ அவருக்கும் கிடைக்கும். திட்டம் போடும்போது அப்படி இன்னும் இரண்டு நாள்களைச் சேர்த்து எழுதுங்கள். லீவு அவருக்கும் சேர்த்துதானே!