அரசுப் பணத்தில் நடந்த ஆய்வை யார் படிக்கலாம்?

நெல்லைத் தாக்கும் குலை நோயை ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சம்பளம் தருவது அரசு. ஆய்வகக் கருவிகளுக்குப் பணம் தருவது மத்திய உயிர்தொழில்நுட்பத் துறை. அவர் எழுதிய கட்டுரையைச் சரிபார்த்துத் திருத்தம் சொல்பவர்களும் அவரைப் போன்ற ஆய்வாளர்களே; அதற்குப் பெரும்பாலும் அவர்கள் ஊதியம் வாங்குவதில்லை. ஆனால் கட்டுரை வெளியான பிறகு, சந்தா கட்டாத ஒருவர் அதைப் படிக்க வேண்டுமென்றால் பல பதிப்பகங்கள் 30, 40 டாலர் கேட்கின்றன. வரி கட்டியவரே வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. ஆய்வாளர் தன் கட்டுரையின் ஒரு பிரதியைத் திறந்த இணையக் களஞ்சியத்தில் சேர்த்துவிட வேண்டும். இணைய வசதியுள்ள யாரும் அதை இலவசமாகப் படிக்கலாம்.

எந்தப் பிரதி என்பதுதான் முக்கியம். ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு. இதழுக்கு முதலில் அனுப்பியது ஒன்று. மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து, இதழ் ஏற்றுக்கொண்டது இரண்டாவது. பதிப்பகம் பக்கம் அமைத்து, இதழின் பெயரோடு வெளியிட்டது மூன்றாவது. பெரும்பாலான சந்தா இதழ்கள் மூன்றாவதைப் பகிர விடுவதில்லை. இரண்டாவதை, சில மாதங்கள் கழித்தாவது, அனுமதிக்கின்றன. அறிவியல் உள்ளடக்கத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. ஆகவே களஞ்சியத்தில் சேர்க்க வேண்டியது இந்த இரண்டாவது பிரதி.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் அனுபவம் நல்ல பாடம். அங்கே பப்மெட் சென்ட்ரல் என்ற களஞ்சியம் 2000இல் தொடங்கியது. தன் நிதியில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகளை அதில் சேர்க்கும்படி 2005இல் அந்த நிறுவனம் வேண்டுகோள் விடுத்தது. மிகச் சிலரே செவிசாய்த்தனர். பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 2008 ஏப்ரல் முதல் அது கட்டாயமானது. கட்டுரை வெளியாகி 12 மாதங்களுக்குள் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் என்றானது. அப்போதும் எல்லோரும் சேர்க்கவில்லை. சேர்க்காதவர்களுக்கு அடுத்த ஆண்டின் நிதியை 2013 முதல் தாமதப்படுத்தத் தொடங்கிய பிறகுதான் சுணக்கம் குறைந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த 12 மாதக் காத்திருப்பும் நீங்கியது. இன்று அக்களஞ்சியத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன.

இந்தியா இதில் தாமதமாக விழித்த நாடல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே தனக்கென்று ஒரு களஞ்சியம் அமைத்தது. சென்னையைச் சேர்ந்த தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் பல ஆண்டுகளாக இதற்காகக் குரல் கொடுத்தார். 2014 டிசம்பரில் உயிர்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து கொள்கை வகுத்தன: எங்கள் நிதி பெற்ற ஆய்வென்றால், இதழ் ஏற்றுக்கொண்ட இரண்டு வாரங்களுக்குள் பிரதியைக் களஞ்சியத்தில் சேருங்கள். கொள்கையில் குறையில்லை, கடைப்பிடிப்பதில்தான் குறை. சேர்த்தாரா என்று பார்த்து அடுத்த நிதியைக் கொடுக்கும் கண்டிப்பு இங்கும் வர வேண்டும்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம்தான் வந்துவிட்டதே என்று கேட்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு அத்திட்டம் எட்டச் செய்கிறது. மாணவர்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் சிற்றூரில் தனியே மருத்துவமனை நடத்தும் மருத்துவருக்கும், விவசாயிக்கு ஆலோசனை சொல்லும் தொண்டு நிறுவனத்துக்கும் அந்தக் கதவு திறக்காது. சந்தா நின்றால் வாசிப்பும் நின்றுபோகலாம். களஞ்சியத்தில் சேர்த்த கட்டுரைக்கு இந்த இரண்டு தடையும் இல்லை.

ஆய்வாளர்களுக்கு வழக்கமாக எழும் ஐயங்கள் இரண்டு. ‘பணம் கட்ட வேண்டுமா?’ வேண்டாம். கட்டணம் வாங்கும் திறந்த இதழில் வெளியிடுவது வேறு, களஞ்சியத்தில் சேர்ப்பது வேறு. ‘பதிப்புரிமைச் சிக்கல் வருமா?’ எந்த இதழ் எந்தப் பிரதியை, எப்போது பகிர அனுமதிக்கிறது என்பதை பிரிட்டனின் ஜிஸ்க் நிறுவனம் நடத்தும் இலவச இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். காத்திருப்புக் காலம் இருந்தால், இப்போதே பதிவேற்றிவிட்டுத் திறக்கும் தேதியைக் குறித்துவிடலாம். பெரும்பாலான களஞ்சியங்களில் அந்த வசதி உண்டு.

நீங்கள் ஆய்வாளராக இருந்தால், கட்டுரை ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கடைசிப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்; ஆண்டுகள் கழித்துத் தேடினால் பலருக்கும் அது கிடைப்பதில்லை. உங்கள் நிறுவனத்தில் களஞ்சியம் இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள். மக்கள் பணத்தில் விளைந்த அறிவை மக்களிடம் சேர்ப்பதும் ஆய்வின் ஒரு பகுதியே.