சுருள் சிரை அறுவை சிகிச்சை: மயக்க மருந்து வகைகள்

கால்களில் புடைத்துச் சுருண்ட சிரைகளுக்குச் (வெரிகோஸ் வெயின்) சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இதற்கான மயக்க மருந்து மூன்று வகைப்படும்.

இடஞ்சார்ந்த மருந்து: சிரையைச் சுற்றி நீர்த்த லிக்னோகைன் கரைசல் செலுத்தப்படும். லேசர், ரேடியோ அலைச் சிகிச்சைகளுக்கு ஏற்றது. நோயாளி விழித்திருப்பார், முடிந்ததும் விரைவில் நடக்கலாம்.

முதுகுத்தண்டு மருந்து: இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்திருக்கும். தலைவலி, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்படலாம். இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

முழு மயக்கம்: நோயாளி உறக்கநிலையில் இருப்பார். பின்னர் குமட்டல் வரலாம்; 24 மணி நேரம் வாகனம் ஓட்டக்கூடாது.

பின்னிரண்டு வகைகளுக்கும் குறைந்தது 6 மணி நேரம் முன்பே திட உணவை நிறுத்த வேண்டும்.

வீட்டிற்குள் விரைவில் நடமாடுவது இரத்த உறைவைத் தவிர்க்க உதவும். எனினும், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை மருத்துவர் அனுமதித்த பின்னரே மேற்கொள்ளவும். கெண்டைக்காலில் வலியுடன் வீக்கமோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழைக்கவும்.